பிடுங்க ஏலாத தடிகள்

புதன், இரவு

சிரிப்பு அடங்காமல் நித்திரை வரவில்லை. அம்மாவின் மார்பில் இப்போது கட்டி இல்லை என்று டொக்டர் இன்று சொல்லிவிட்டார். நயினாதீவுக்குத் திரும்பும்போது வள்ளத்தில் அண்ணை கேட்டார்:

"நீ ஆய்வுகூடத்தில இதைத்தானே பாக்கிறனீ? அம்மாவுக்கு ஏத்தின அந்த மருந்து என்னதான் செய்தது?"

உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் புரத இழைகள் தடிகள்போல நிற்கும் என்றேன். அவற்றைப் பிடுங்கி வேறுவிதமாக நட்டால்தான் கலம் இரண்டாகப் பிரியும். புற்றுக்கலம் ஓயாமல் பிரியும். மருந்து அந்தத் தடிகளை இறுக்கிவிடும்.

"பிறகு பிடுங்க ஏலாதோ?"

"ஏலாது. பிரிய ஏலாமல் கலம் செத்துப்போகும்."

"உன்ர களங்கட்டி மாதிரி" என்று அம்மா அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்.

போன கிழமை மீன் மறிக்கும் களங்கட்டிக்காக அண்ணை கடலில் நட்ட தடிகள் சேற்றில் ஆழமாக இறுகிவிட்டன. இடம் மாற்ற முடியாமல் தினமும் அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தார். வள்ளம் அவற்றைக் கடந்தபோது எழுந்து நின்று கும்பிட்டார்.