மூன்று துண்டு அகராதி

3-9-1951
இன்று எங்களிடம் இருந்த ஒரே இங்கிலீஷ் அகராதியை மூன்றாக அறுத்தோம். கூட்டுறவு சொசைட்டி குமாஸ்தா பிச்சையா அட்டையோடு நிறுத்திவிட்டான். ஜவுளிக்கடை இப்ராஹீம் கத்தியை வாங்கி ஒரே இழுப்பில் முடித்துவிட்டார். ஏ முதல் ஜி வரை எனக்கு, ஓ வரை பிச்சையாவுக்கு, மிச்சம் இப்ராஹீமுக்கு. மூவருக்கும் முப்பது தாண்டிவிட்டது, மூவரும் எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் கோட்டை விட்டவர்கள். மார்ச்சில் மறுபடி எழுதுகிறோம். தேறாவிட்டால் ரிஜிஸ்தர் ஆபீஸில் என் தற்காலிக வேலை ஜூனோடு சரி.

19-9
தினம் பத்துப் பக்கம். சி முடிந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

14-10
இப்ராஹீம் கடையில் இங்கிலீஷ் பேப்பர். கூத்துதான்! ஒரு வரிக்கு மூன்று பேரும் வேண்டும். துணி எடுக்க வந்தவர்கள் எங்களையே வேடிக்கை பார்த்தார்கள்.

2-12
இப்ராஹீம் சரக்கெடுக்க மதுரை போய்விட்டார். பேப்பரில், எங்கோ நடுக்கடலில் ஒரு கப்பல். அதற்கு என்ன ஆயிற்று என்கிற வார்த்தை அவர் பங்கில் இருக்கிறது. மூழ்கியதா, தப்பியதா? வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மனைவி முருகம்மாள் சிரிக்கவில்லை.
"பரீச்சையில மூணு பேரும் ஒரே பெஞ்சுலயா இருப்பீய?" என்றாள்.
ஐயோ — இது ஏன் எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை? மூன்று மாசம் போச்சே!

4-12
துண்டுகளை மாற்றிக்கொள்ளலாம் என்றேன். பிச்சையா இன்னும் 'என்' எழுத்தை முடிக்கவில்லையாம், தரமாட்டானாம். பிடிவாதக்காரன். சண்டையே வந்துவிட்டது. மதுரையிலிருந்து திரும்பிய இப்ராஹீம்தான் தீர்த்து வைத்தார்.
"புஸ்தகம் அவனவன் கையிலயே இருக்கட்டும் வே. வாயால குடுப்போம்."
(கப்பல் தப்பிவிட்டதாம்.)

18-1-1952
ஆவுடைப் பொய்கைக் கரையில் நடந்துகொண்டே ஒருவருக்கொருவர் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறோம். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து ஒருவர் விலக்கிவிட வந்தார். இத்தனை சந்தோஷமாக நான் பள்ளிக்கூடத்தில்கூடப் படித்ததில்லை.

27-3
திருநெல்வேலியில் பரீட்சை. மூவருக்கும் வேறு வேறு அறை. கட்டுரை எழுதும்போது ஒரு வார்த்தை பிச்சையா குரலில் வந்தது, அடுத்தது இப்ராஹீம் குரலில். பயம் போயிற்று.

9-6
மூன்று நம்பரும் பேப்பரில் இருக்கின்றன! இப்ராஹீம் இரண்டு தடவை வாசித்தார். பிச்சையா அழுதான். நானும்தான்.

10-6
இன்று ஆபீஸிலிருந்து சீக்கிரமே கடைக்குப் போய்விட்டேன். பேப்பர் வந்திருந்தது. முதல் பத்தியில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. மடித்து வைத்துவிட்டேன். இப்ராஹீமும் அதைத் தொடவில்லை. பிச்சையா சொசைட்டியைப் பூட்டிவிட்டு வரட்டும்.