மருந்து அறை மண்ணுக்கு ஒரு பெயர்

இன்று காலை வளர்ப்புத் தட்டின் மூடியைத் திறந்தேன். முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை. உடனே நீ நினைவில் வந்துவிட்டாய், என் ஆய்வகத் தோழியே. நீ இறந்து இரண்டு வருடமாகியும் இந்த வாசனைக்கு நீதான் வருகிறாய், அம்மா வருவதில்லை. அதற்கும் சேர்த்துத்தான் உன்மேல் கோபம்.

எம். புதுப்பட்டியில், வெடித்துச் சிதறிக் கிடந்த பட்டாசு ஆலை மருந்து அறைக்குப் பின்னால் நாம் குந்தியிருந்தோம். வெடியுப்பும் கந்தகமும் ஊறி, புல்கூட முளைக்காத மண். "உங்கம்மா மருந்து கலந்த எடம் இதானடி?" என்று கேட்டுவிட்டு, நான் தொடத் தயங்கிய மண்ணை நீதான் கரண்டியால் அள்ளினாய். அம்மா அங்கேதான் கருகிப்போனாள். அந்த மண்ணிலும் உயிரோடிருந்த ஒரு பாக்டீரியாவை நான் பிரித்தெடுத்தேன். மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தோம். அறியப்பட்ட எதனோடும் அது சேரவில்லை. புது இனம். "உங்கம்மா மாரியம்மா பேருக்கு லத்தீன்ல ஒரு வால ஒட்டிருவோம்டி" என்று சிரித்தாய்.

நான் பிரசவ விடுப்பில் இருந்தபோது கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டாய். வைத்த பெயர், அந்த ஆலை முதலாளியுடையது.

"அவுக நம்ம லேபுக்கு ஃப்ரீசர் வாங்கித் தாராகடி. செத்தவுக பேர வச்சு என்னத்தக் காணப் போறோம்?"

புது இனத்தின் பெயர் செல்லுபடியாகிப் பட்டியலில் ஏற வேண்டுமானால், உயிருள்ள வளர்ப்பை இரண்டு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். ஒன்றில் நீ கொடுத்தாய். வெளிநாட்டு மையத்துக்கான குப்பியை, "நீயே அனுப்பிருடி" என்று என்னிடமே விட்டாய். அவ்வளவுக்குப் பிறகும் என்னை நம்பினாய்.

நான் அனுப்பவில்லை.

"பேரு இன்னும் பட்டியல்ல ஏறலயே, ஏன்டி?" என்று மருத்துவமனைப் படுக்கையிலும் கேட்டாய். "ஏறும்டி, பொறு" என்றேன்.

பட்டியலில் ஏறாத பெயரை மாற்றிவிடலாம். நீ போன பிறகு அனுப்பினேன், அம்மாவின் பெயரோடு. போன வாரம் பட்டியலில் வந்துவிட்டது. மண்ணைச் சேகரித்தவர் யார் என்று கேட்டிருந்த இடத்தில் உன் பெயரை எழுதினேன். இரக்கம் என்று நினைத்துவிடாதே. அம்மாவைத் தேடி வருகிறவர்கள், அவள் காலடியில் சின்ன எழுத்தில் மண் அள்ளிக்கொண்டிருக்கும் உன்னைப் பார்ப்பார்கள். அங்கிருந்து நீ எழுந்துபோக முடியாது.

"ஏறும்டி, பொறு" என்ற என் குரல் மட்டும் என்னோடு இருக்கிறது. கனக்கத்தான் செய்கிறது. இறக்கிவைக்க மாட்டேன்.