அப்பா உட்காரும் உயரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியிருந்தேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தபோது எழுதியது அது. இந்தக் கடிதத்தில் எதையும் கூட்டாமல், குறைக்காமல் உண்மையை மட்டும் எழுதப்போகிறேன்.

அடியில் பாரம் தாங்கும் வில் பட்டைகள் தளர்ந்து, நம் பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கம் தொய்ந்துவிட்டது. குழாய்க் கட்டுகளை ஏற்றினால் டயர் மேலே உரசுகிறது. பின்பக்கத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று அண்ணன் சொன்னதும் அப்பாவுக்குக் குஷி வந்துவிட்டது. "அடியில ஒரு பட்டை சேத்துப் போடுடா, அதுதான் பாரம் தாங்கும்" என்றார். அண்ணன் உடனே சரி என்றான். அவன் அப்படி உடனே சரி சொல்லி நான் பார்த்ததில்லை.

வாதம் வந்ததிலிருந்து அப்பாவின் வலது முழங்கால் மடங்குவதில்லை. முன்சீட்டில் ஏற முடியாது. அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கச் சொல்லி, அதற்கு முதுகு காட்டி நின்று, விளிம்பில் உட்கார்ந்து, கைகளை ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்து உள்ளே போய்விடுவார். குழாய்களுக்கு நடுவே ராஜா மாதிரி சாய்ந்துகொள்வார். போகிற இடமெல்லாம் "பெரியவர் வந்தாச்சு" என்று டீ கொண்டுவந்து கொடுப்பார்கள். அம்மா போன பிறகு அப்பாவுக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

அண்ணன் மேல் மட்டும் பழி போடக்கூடாது, இதையும் எழுத வேண்டும். போன மாதம் ஒரு கட்டிட வேலை நடக்கும் இடத்தில், அண்ணன் கயிறு கட்டுவதைப் பார்த்து அப்பா எல்லோர் முன்னாலும், "என் கால் செத்தாலும் என் வண்டி உயிரோட இருக்கு. இவன் கையில குடுத்தா அதையும் பாடையில ஏத்திடுவான்" என்றாராம். கொத்தனார், சித்தாள் எல்லோரும் சிரித்தார்களாம். அன்று இரவு அண்ணன் சாப்பிடவில்லை.

ஒர்க்ஷாப்புக்குப் போவதற்கு முந்தின நாள், அப்பாவால் எவ்வளவு உயரத்தில் உட்கார முடியும் என்று பார்க்க வேண்டும் என்றான் அண்ணன். கொட்டகையில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். என்னை டேப்பால் அளக்கச் சொன்னான். அப்பாவுக்காக இவ்வளவு பார்க்கிறானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசிப் பலகையில் அப்பாவால் முடியவில்லை. "இதுக்கு மேலன்னா ஏணிதான்டா வேணும்" என்று சிரித்தார். அண்ணனும் சிரித்தான்.

ஒர்க்ஷாப்புக்கு நானும் போனேன். நூலகப் புத்தகத்தில் இதைப் பற்றிப் படித்திருந்தேன். மெக்கானிக் மூன்று வழி சொன்னார். பட்டைகளின் பின்முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக மாற்றலாம். வண்டி கொஞ்சம் உயரும், பாரம் தாங்காது. இன்னொரு பட்டை சேர்க்கலாம். உயரமும் வரும், பாரமும் தாங்கும். அச்சுக்கும் பட்டைகளுக்கும் நடுவே பிளாக் என்கிற இரும்புக் கட்டையை வைத்து நீளமான போல்ட்டால் இறுக்கலாம். எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் வரும், ஆனால் பாரம் ஏற்றினால் பழையபடி தொய்யும்.

அப்படியானால் நமக்குப் பட்டைதானே என்றேன். "பாருடா, இன்ஜினியரம்மா!" என்றார் மெக்கானிக். அண்ணன் என்னைப் பார்க்காமலே பிளாக் போடச் சொன்னான். இருப்பதிலேயே பெரியதைக் கையால் காட்டினான். "எதுக்குடா இவ்ளோ உயரம்? வெள்ளத்துலயா ஓட்டப்போற? முன்விளக்கு தரையைத்தான் பாக்கும்" என்று மெக்கானிக் கேட்டார். பரவாயில்லை என்றான். வேலை முடிந்ததும் என் டேப்பை வாங்கி, பின்கதவின் உயரத்தைத் தானே அளந்தான். அந்தக் கடைசிப் பலகைக்கும் மேலே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது அக்கா.

மறுநாள் காலையில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வண்டிக்கு முதுகு காட்டி நின்றார். எம்பினார். சறுக்கினார். மறுபடி எம்பினார். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அண்ணன் இன்ஜினை அணைக்காமல் சீட்டிலேயே உட்கார்ந்து, பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவசரமே இல்லாத முகம். மூன்றாவது தடவை அப்பா கீழே விழுந்தார்.

தூக்கிவிட்டேன். "ஒரு பட்டைதானேடா சேத்தே?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணுதான்பா. உங்களுக்குக் கால் இன்னும் மோசமாயிடுச்சு போல" என்றான். அப்பா தன் காலைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னால் தாங்க முடியவில்லை. பட்டை இல்லை, பிளாக், நானே பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"புஸ்தகம் படிச்சுப் படிச்சு இதுக்கு மூளை கலங்கிடுச்சு" என்றான் அண்ணன். அப்பா என்னை அறைந்தார். "அண்ணன் பொய் சொல்லுவானாடி? போ உள்ள" என்றார். அப்பா இல்லாமலே வண்டி போய்விட்டது.

சாயங்காலம் வண்டி திரும்பி வந்து, அண்ணன் குளிக்கப் போனபோது, அப்பா சவரக் கண்ணாடியைத் தன் கைத்தடியின் நுனியில் கயிற்றால் கட்டினார். குனிய முடியாதல்லவா? வண்டியைப் பிடித்துக்கொண்டு தடியை அடியில் நீட்டி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை அவிழ்த்து, சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார். நான் ஜன்னலில் நின்றது அவருக்குத் தெரியாது.

சாப்பிடும்போது, கால் எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டான். "காலுதான்டா மோசம். வண்டியை நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்றார் அப்பா. என் தட்டில் தன் பங்கில் பாதியை எடுத்து வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா, நீ கோபப்பட்டு அண்ணனுக்கு எழுதாதே. நீ எழுதினாலும், அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் அப்பா சொல்வார். எனக்கு ஒன்றே ஒன்று செய். உன் வீட்டு வாசல்படி எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. கட்டிலின் உயரத்தையும் எழுது. அப்பாவால் ஏறி உட்கார முடிகிற உயரம் எனக்குத் தெரியும். வேறெதுவும் எழுதாதே. கடிதங்களை அண்ணன்தான் முதலில் பிரிக்கிறான். பள்ளிக்கூடக் கணக்குக்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அன்புத் தங்கை.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு. அண்ணன் விளக்கை அணைத்துவிட்டான்.