பத்து மணி மெயில்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? நான் நலம்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் எந்த நேரத்தில் எந்த வேலையைத் தானாகச் செய்கிறது என்று பட்டியல் காட்டும் குட்டிக் கட்டளை ஒன்று எழுதினேன். மேனேஜர் முன்னால் தட்டிக் காட்டியபோது வந்தது வினை. தினமும் பத்து மணிக்கு அவருக்கு, "எல்லாம் நல்லபடியா நடக்குது சார்" என்று தானாகவே மெயில் போகிறது என்று பட்டியலில் வந்தது. அதை ஏற்பாடு செய்தவர் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. மேனேஜரோ நாள் தவறாமல் "சந்தோஷம்" என்று பதில் போட்டிருக்கிறார்.

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இதை மட்டும் நிறுத்திடாதேம்மா. எனக்கு வர்ற ஒரே நல்ல சேதி இதுதான்" என்றார்.

போனில் பேசும்போது டிவி சத்தத்தைக் குறைக்காதீர்கள் அப்பா, வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று அதுதான் எனக்குச் சொல்கிறது. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மூத்தவள்