மிஞ்சிய அரிசிப் பை

பல்லடம்

அன்புள்ள இனியா கண்ணுக்கு,

உன் திடப்படுத்தல் ஆராதனைக்கு யார் யார் வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். போதகர், உன் அம்மா ரூபாவதி, பட்டுச் சட்டையில் உன் அப்பன் தவசீலன், போட்டோக்காரர், அரிசி வாங்க வந்த விதவைகள், முன் பெஞ்சில் நான்.

நீ முதல் நற்கருணை வாங்கியபோது அழுதுவிட்டேன். நீ நற்கருணை வாங்கியதற்கு நன்றிக் காணிக்கையாக, ஆதரவற்ற விதவைகளுக்கு உன் கையால் அரிசி கொடுக்க வைத்தான் உன் அப்பன். ஒரு பை மிஞ்சியது.

"ஒரு ஆள் குறையுதுங்கம்மா. நீங்க போயி வரிசைல நின்னுக்குங்க."

"நா உன்ற அம்மாடா."

"போட்டோவுக்குத்தானுங்கம்மா!"

சபையே பார்த்தது. போய் நின்றேன். நீ பையை நீட்டினாய், வாங்கிக்கொண்டேன். உன்மேல் எனக்குக் கோபமில்லை கண்ணு.

தினமும் உலை வைக்கும்போது சபை ஏழைகளுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறவள் நான். இப்போது அந்தப் பையிலிருந்தே எடுத்து வைக்கிறேன். ஒரு மணிகூட நான் பொங்கித் தின்னவில்லை.

சபைப் பத்திரிகையில் அந்தப் போட்டோ வந்திருக்கிறது. ஆதரவற்றவர்கள் என்று கீழே போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து யோசித்தால், பொய்யென்று சொல்லவும் முடியவில்லை.

பரமண்டல ஜெபத்தில் பிறரை மன்னிக்கிறோம் என்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். போதகரை மன்னித்தேன், போட்டோக்காரரையும் மன்னித்தேன். என் வயிற்றில் பிறந்த தவசீலனை மாட்டேன்.

உன் அப்பத்தா