கருட சேவைக்கு வந்த பணம்

சின்ன காஞ்சிபுரம்
12 மார்ச் 2006

சிரஞ்சீவி ஸ்ரீகருக்கு அக்கா வத்ஸலாவின் ஆசீர்வாதம்.

போனில் பேசினால் நீ "ம்" கொட்டியே பேச்சை முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீயும் கடிதத்தில்தான் பதில் எழுத வேண்டும். அம்மா போனதிலிருந்து உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

இங்கே உன் அத்திம்பேரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வைகாசி கருட சேவைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாம் போடும் சாப்பாட்டுக்கு இந்த வருஷம் பணம் கொட்டுகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரான மனுஷர், இந்தப் பணத்துக்கு மட்டும் கணக்குப் பார்க்க மாட்டேன் என்கிறார். யார் கொடுத்தது என்றும் கேட்பதில்லை. அவர் அப்பா காலத்திலிருந்து அதுதானே வழக்கம். முன்பெல்லாம் வாசலில் துணி கட்டி வைத்திருக்கும் சொம்பில் போட்டுவிட்டுப் போவார்கள். இப்போது எந்த ஊரிலிருந்து வேண்டுமானாலும் அவர் பாங்குக் கணக்கில் கட்டலாமாமே, கட்டுகிறார்கள். கட்டியவர் பேர் எழுதும் இடத்தில் "அடியேன்" என்று மட்டும் இருக்கும்.

ராம்ப்ரஸாத்தை ஞாபகம் இருக்கிறதா? இவரிடம் படித்தவன், இப்போது பைனான்ஸ் கம்பெனி வைத்திருக்கிறான். எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓடுகிறான். மிஞ்சுகிற பணத்தில் பக்கத்துக் கிராமமான கூரத்தில் சாப்பாடு போடுகிறேன் என்று ரொக்கமாக வாங்கிக்கொண்டு போகிறான். தங்கமான பிள்ளை.

நீ பம்பாயில் என்ன வேலைதான் பார்க்கிறாய்? கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி வைக்கிறேன். பெண் வீட்டாருக்கு அது போதவில்லை.

உன் அக்கா
வத்ஸலா


மும்பை
26 மார்ச் 2006

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம்.

பெண் வீட்டாரிடம் இப்படிச் சொல். திருட்டுப் பணம் பாங்கு வழியாகப் போய் நல்ல பணமாக வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் கம்பெனியின் தொழில். அதற்கான சாஃப்ட்வேரை எழுதிப் பாங்குகளுக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கணக்கையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். பல ஊர்களிலிருந்து சின்னச் சின்னத் தொகையாக ஒரே கணக்கில் வந்து விழுந்து, விழுந்த சூட்டோடு ரொக்கமாக வெளியேறினால் குறி போட்டுவிடும். அந்த விதியை எழுதியவன் உன் தம்பி! குறி விழுந்ததைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் பாங்கு அதிகாரிக்குக் குறிப்பெழுதி அனுப்புவதும் இப்போதைக்கு நான்தான்.

யாருடைய கணக்கு என்று வெளியே மூச்சு விடக் கூடாது. சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போனால் பணம் பறந்துவிடும் இல்லையா? சொல்லிவிட்டால் வேலையும் போகும், என் மேலேயே கேஸும் வரும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இங்கே கான்டீனில் புளியோதரை என்று ஒன்று போடுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு உன்னை நினைத்துக் கண் கலங்கினேன். கருட சேவைக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்.

உன் தம்பி
ஸ்ரீகர்


சின்ன காஞ்சிபுரம்
9 ஏப்ரல் 2006

சிரஞ்சீவி ஸ்ரீகருக்கு ஆசீர்வாதம்.

அத்திம்பேருக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. இப்போதெல்லாம் தபாலை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உன் கடிதத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படின்னா உன் தம்பி மொதல்ல என்னைன்னா பிடிக்கணும்! நாலு ஊர்லேர்ந்து வந்து விழறது, அப்படியே வழிச்சு எடுத்துண்டு வந்துடறேன்" என்றார். "பெருமாள் கணக்குக்குக் குறி போட அவனுக்குத் தைரியம் உண்டா?" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

ஊரெல்லாம் உன் பெருமையைச் சொல்லிவிட்டேன். ஜாதகம் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு.

அக்கா


மும்பை
22 ஏப்ரல் 2006

அக்கா,

அத்திம்பேருக்குக் கண் ஆபரேஷன் எப்போது? தள்ளிப் போட வேண்டாம். இந்த வருஷம் அவர் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும். சாப்பாடு போடுவதை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

முடியாது என்றால், பணம் கொடுக்கிறவர்களிடம் பேரும் விலாசமும் கேட்டு வாங்கச் சொல். ராம்ப்ரஸாத் கையில் இனிமேல் எதுவும் கொடுக்க வேண்டாம். பொதுவாகத்தான் சொல்கிறேன், காலம் கெட்டுக் கிடக்கிறது. ஏன் என்று கேட்காதே. போன் செய்தும் கேட்காதே. என்னைத் திட்டினாலும் சரி, சொன்னதைச் செய் அக்கா.

கருட சேவைக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது.

ஸ்ரீகர்


சின்ன காஞ்சிபுரம்
3 மே 2006

ஸ்ரீகருக்கு,

உன் கடிதத்தில் கண் ஆபரேஷன் வரைக்கும்தான் அவருக்கு வாசித்தேன். மீதியை மடித்து அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டேன். முழுதும் கேட்டிருந்தால் அந்த மனுஷர் சாப்பிட உட்கார்ந்திருக்க மாட்டார். பேர் கேட்க வேண்டுமாம், விலாசம் வேண்டுமாம்!

இருந்தாலும் நீ சொன்னாயே என்று, என் யோசனை போல மெள்ளப் பேச்சைக் கொடுத்துப் பார்த்தேன். "பேர் கேட்டு வாங்கிண்டா அது வசூல்டி. பெருமாளுக்குத் தெரியாதா யார் கொடுத்தான்னு? நான் எதுக்கு நடுவுல?" என்று முடித்துவிட்டார். நேற்றுகூட ராம்ப்ரஸாத்தோடு பாங்குக்குப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

அந்தப் பிள்ளை மேல் உனக்கு என்ன பொறாமை? கூடப் பிறந்தவன் பம்பாயில் விசிறிக் காற்றில் உட்கார்ந்திருக்கிறான், அவன் இங்கே வெயிலில் அலைகிறான். நாலு காசு பார்த்ததும் எங்கள் சோற்றுப் பந்தல் உனக்குக் கூச்சமாக இருக்கிறதோ என்னவோ. வர முடியாது என்றால் வர முடியாது என்று எழுது, போதும். கோபமாகத்தான் இருக்கிறேன்.

அக்கா


சின்ன காஞ்சிபுரம்
14 ஜூன் 2006

ஸ்ரீகருக்கு,

கருட சேவைக்கு அரிசி வாங்கப் பணம் எடுக்கப் போனார். கணக்கை முடக்கியிருக்கிறோம் என்று பாங்கில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் வாசலில் போலீஸ்.

ராம்ப்ரஸாத் குடும்பத்தோடு ஓடிவிட்டான். தறி நெய்கிறவர்களிடம் அதிக வட்டி தருகிறேன் என்று வாங்கிய பணத்தை, ஊர் ஊராக ஆள் வைத்து நம் கணக்கில் "அடியேன்" என்று கட்டியிருக்கிறான். அதையே கூரத்துச் சாப்பாடு என்று சொல்லி இவர் கையாலேயே ரொக்கமாக வாங்கிக்கொண்டிருக்கிறான். கூரத்தில் ஒரு பிடி சோறு போடவில்லை.

அத்திம்பேரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கருட சேவை அன்று பசியோடு வந்தவர்களுக்கு மோர்தான் கொடுக்க முடிந்தது. அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஐயம்பேட்டையிலிருந்து கங்கையம்மாள் என்று ஒருத்தி வந்தாள். பெண் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அவனிடம் போட்டிருக்கிறாள். சத்தம்கூடப் போடவில்லை. "சாரு, அந்த ஆளு உங்ககூடவே நின்னுக்கினு சோறு போட்டாம்பா. அத்தப் பாத்துதான் நம்பிக் குடுத்தோம். நீங்க இருக்கசொல்ல ஏமாத்த மாட்டான்னு நெனச்சோம்" என்றாள். இவர் அவள் காலில் விழப் போனார். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் பேசுவதே குறைந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் நல்லவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பயப்படாதீங்கம்மா. ஏப்ரல் மாசமே பம்பாயிலேர்ந்து இந்தக் கணக்கு மேல சந்தேகம்னு எழுதி அனுப்பியிருக்காங்க. கணக்கு வெச்சிருக்கறவருக்கு விஷயமே தெரியாம இருக்கலாம்னும் அதுல இருக்குது. அதனாலதான் சாரை அரெஸ்ட் பண்ணல" என்றார்.

ஏப்ரல் மாதம் பம்பாயிலிருந்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. எழுதி அனுப்பியது நீயா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்.

வத்ஸலா


மும்பை
25 ஜூன் 2006

அக்கா,

ஆமாம்.

ஏப்ரலில் குறி விழுந்த கணக்குகளில் அத்திம்பேர் பேரைப் பார்த்தேன். சொந்தக்காரர் என்று சொல்லி நான் ஒதுங்கியிருக்க வேண்டும், அதுதான் முறை. வேறு ஒருவன் எழுதியிருந்தால் அவரையே திருடன் என்று எழுதியிருப்பான். அதனால் நானே எழுதினேன்.

மறைத்திருக்கலாமே என்று கேட்பாய். மறைத்திருந்தால் ராம்ப்ரஸாத் இன்னும் எத்தனை கங்கையம்மாளிடம் வாங்கியிருப்பான்? உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அத்திம்பேர் நேரே அவனிடமே போய், "ஏண்டா, நீயா இப்படி?" என்று கேட்டிருப்பார். உனக்கே தெரியும். எவ்வளவு சொல்லலாமோ அதற்கு மேலேயே எழுதினேன் அக்கா. நீ புரிந்துகொள்வாய் என்று நம்பினேன்.

அத்திம்பேர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

ஸ்ரீகர்


சின்ன காஞ்சிபுரம்
20 ஜனவரி 2007

ஸ்ரீகருக்கு,

அதற்குப் பிறகு நீ எழுதியதெல்லாம் வந்தது. பதில் எழுத மனம் வரவில்லை.

கேஸில் அத்திம்பேரை விட்டுவிட்டார்கள், சாட்சி மட்டும்தான். ராம்ப்ரஸாத் இன்னும் அகப்படவில்லை. கண் ஆபரேஷன் மார்கழியில் நன்றாக முடிந்தது. பார்வை வந்து என்ன பிரயோஜனம், அவர் தெருவில் இறங்குவதே இல்லை. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டிக்கும் போவதை விட்டுவிட்டார். போனால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

நீ செய்தது சரிதான். புரட்டிப் புரட்டி யோசித்துவிட்டேன், உன்னைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. உன் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டாத என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். ஆனாலும் உன்னை நினைத்தால் வயிறு எரிகிறது. சரி என்று தெரிந்தும் எரிகிறது, என்ன செய்ய?

எழுதியது நீதான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீ வராமல் இருப்பதற்கு அவராகவே ஒரு காரணம் வைத்திருக்கிறார். போகி அன்று, "ஸ்ரீகரை வரச் சொல்லி எழுதாதே. திருட்டுப் பணம் பிடிக்கற கம்பெனியில இருக்கான். சொந்த அத்திம்பேரே இப்படின்னு தெரிஞ்சா அவன் வேலை போயிடும். நம்மால அந்தக் குழந்தைக்குக் கெட்ட பேர் வேண்டாம்" என்றார். அடுக்களைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ வந்தால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாய். சொன்னால் உன் மனசு லேசாகும். அவருக்கோ உன்னைப் பற்றிய பெருமை ஒன்றுதான் மிச்சம், அதுவும் போய்விடும். ஆகவே வர வேண்டாம். இனிமேல் கடிதமும் வேண்டாம். இப்போது தபாலை அவரே பிரித்து வாசிக்கிறார்.

பொங்கலுக்கு மறுநாள் கனுவுக்கு, கூடப் பிறந்தவளுக்குச் சீர் என்று நீ அனுப்பிய மணியார்டரைத் திருப்பிவிட்டேன். வாங்கக் கை நீளவில்லை. ஆனால் கனுப்பிடி வைக்காமல் இல்லை. விடியற்காலையில் மொட்டை மாடியில் மஞ்சள் இலை விரித்து, காக்காய்க்குச் சாத உருண்டைகளை வைத்து, கூடப் பிறந்தவன் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று உன் பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கொண்டேன். உயிர் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் வைப்பேன். நீ நன்றாக இரு. இங்கே மட்டும் வராதே.

வத்ஸலா