உன் வண்டியின் இருமல்

என் அருமை மாப்பிள்ளை மணியத்துக்கு,

நீ நெஞ்சுவலியில் போய் எட்டு மாதம் ஆகிறது. கிள்ளான் வீட்டு வாசலில் உன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிள் அப்படியே நின்றது. "ஓடாம கெடந்தா வீணாப் போயிடும்ண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று கமலா கேட்டாள். என் தங்கை கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. இதை மட்டும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

சுங்கை வேயில் என் வீட்டுப் பின்புறம் நாம் உட்கார்ந்திருந்த காலை ஞாபகம் இருக்கிறதா? இருவருக்கும் ஒரே மாதிரி வண்டி. இரண்டு கார்புரேட்டரையும் பிரித்து ஒரே பேப்பரில் பரப்பியிருந்தோம். பெட்ரோலை அளந்து விடுகிற ஊசி, என் நீடில், தேய்ந்துபோயிருந்தது. கடை கடையாக அலைந்தும் புதிது கிடைக்கவில்லை. நீ தே தாரிக் தேநீர் வாங்கப் போனாய். அந்த நேரத்தில் உன் நல்ல நீடிலை எடுத்துக்கொண்டு என் தேய்ந்ததை உன் வண்டியில் போட்டுவிட்டேன். நீ எனக்குச் சீனி குறைத்து வாங்கி வந்திருந்தாய். வெட்கமில்லாமல் குடித்தேன்.

அதற்கப்புறம் உன் வண்டி கரும்புகை விட்டது. ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று பாதி வழியில் பெட்ரோல் தேடினாய். கேலி செய்தவர்களில் முதல் ஆள் நான்தான். "நான் குடிக்கிறதில்ல லா மச்சான், வண்டிதான் குடிக்குது" என்று சிரித்தாய். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாயா?

போன ஞாயிறு புது நீடிலும் அது இறங்கும் ஜெட்டும் வாங்கிப்போய் உன் கார்புரேட்டரைப் பிரித்தேன். என் பழைய நீடில் உள்ளேயே இருந்தது. அன்று பிரித்தபோதே, என் சாமான் என்று தெரிவதற்காக அதன் தலையில் அரத்தால் ஒரு கோடு போட்டிருந்தேன். அதற்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கோடு இருந்தது.

அது நீ போட்டதுதான், மாப்பிள்ளை. எப்போது பார்த்தாய்? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? என்றைக்காவது நானே திறப்பேன் என்று விட்டுவைத்தாயா? உன் நெஞ்சுவலிக்கும் அந்த நீடிலுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனாலும் அந்தக் கோட்டைப் பார்த்த நாளிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தெருவில் எந்தக் கப்சாய் இருமினாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

புதியதை மாட்டி ஒரு சுற்று சுற்றி வந்தேன். வண்டி சீராக ஓடியது. வாசலுக்கு வந்த கமலாவின் முகம் வாடிவிட்டது.

"இது அவர் வண்டிச் சத்தம் இல்லண்ணே. அவர் வந்தா முக்குலயே இருமும். அதக் கேட்டுத்தான் தோசக்கல்ல அடுப்புல வைப்பேன்."

"அது கோளாறும்மா. பெட்ரோல் குடிக்கும்."

"குடிச்சா குடிக்கட்டும். பழசயே போட்டுடுங்க."

போட்டேன். தெருமுனையில் வண்டி இருமியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு வாசல் கேட்டைப் பிடித்து நின்றாள். அவளுக்கு அது நீ வருகிற சத்தம். நான் உன்னிடம் திருடியதால் வந்த சத்தம் என்று எப்படிச் சொல்வேன்? சொன்னால் அதுவும் அவளுக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஆனால் நீ போட்ட கோட்டைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வருகிற ஞாயிறு நீடிலைக் கழற்றி அவள் கையில் கொடுப்பேன். இரண்டு கோட்டில் எது யாருடையது என்று சொல்லிவிடுவேன். அழுது தீர்த்தபின் எந்த நீடிலைக் கேட்கிறாளோ, அதை மாட்டி வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டுத்தான் அந்த வாசலைத் தாண்டுவேன்.

உன் மச்சான்,
சேகர்